மிக்கி மேண்டில் சேகரிப்பு: முதலில் அளவுகோலை எடுங்கள், விலையைப் பிறகு பேசலாம்

நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் ஆட்டக்காரர் மிக்கி மேண்டிலின் படக் கார்டுகள், கையெழுத்துகள் பற்றிக் கடிதங்கள் குவிந்துவிட்டன, நேரே கேள்விகளுக்குப் போகலாம். அனுப்புகிறவர்களுக்கு ஒரே வேண்டுகோள்: கார்டின் பின்பக்கப் படமும் மில்லிமீட்டர் அளவும் இல்லாமல் "இது அசலா?" என்று கேட்டால் பதில் சொல்ல வழியில்லை.

கே: 1952 டாப்ஸ் கார்டுதானே மேண்டிலின் ரூக்கி கார்டு?

இல்லை. ரூக்கி கார்டு, அதாவது ஆட்டக்காரரின் முதல் ஆண்டுக் கார்டு, 1951-இல் போமன் கம்பெனி போட்ட எண் 253. டாப்ஸ் கம்பெனி மேண்டிலுக்குப் போட்ட முதல் கார்டுதான் 1952-இன் 311. விற்பவர் இரண்டையும் குழப்பிப் பேசினால், அவருக்கு விஷயம் தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நம்புகிறார். இரண்டுமே வாங்குபவருக்கு நல்லதல்ல.

கே: மாமனார் வீட்டுப் பரணில் 1952 மேண்டில் கிடைத்தது. படம் இணைத்திருக்கிறேன். என்ன விலை போகும்?

நீங்கள் அனுப்பியது மேசை மீது சாய்வாக வைத்து எடுத்த, பாதி வெளிச்சத்தில் பளபளக்கிற ஒரு முன்பக்கப் படம். பின்பக்கம் இல்லை, அளவு இல்லை. இதை வைத்து விலை சொல்கிறவர் யாராக இருந்தாலும் நம்பாதீர்கள்.

முதல் வேலை அளப்பது. 1952 டாப்ஸ் அசல் 2⅝ அங்குல அகலம், 3¾ அங்குல உயரம். ஏறத்தாழ 67க்கு 95 மி.மீ. அந்தக் காலத்து வெட்டில் அரை மில்லிமீட்டர் முன்னே பின்னே இருக்கலாம். இன்றைய கார்டுகளின் அளவான 63½க்கு 89 மி.மீ. வந்தால் அது மறுபதிப்பு. 1952 தொகுப்பை டாப்ஸே 1983-இல் இந்தச் சிறிய அளவில் மறுபதிப்பு செய்தது. மேண்டில் இறந்த மறு ஆண்டு, 1996-இல், அவருடைய பழைய கார்டுகளை நினைவுப் பதிப்பாக மீண்டும் போட்டது. பின்பக்கம் மறுபதிப்பு என்றே அச்சிட்டிருக்கும். அந்த வரியைச் சுரண்டி எடுத்துவிட்டு, கார்டைத் தேநீர்த் தண்ணீரில் பழுப்பாக்கி விற்கிறார்கள். பின்பக்கத்தில் ஓரிடம் மட்டும் மெலிந்து, நார் எழும்பி இருந்தால் அதுதான் சங்கதி.

அளவு சரியாக வந்தால் 10 மடங்கு லென்ஸை எடுங்கள். அசலில் மேண்டிலின் முகமும் நீல வானமும் புள்ளி புள்ளியாகத் தெரியும். பெயர்ப்பட்டையின் கறுப்புக் கோடும் எழுத்துகளும் உடையாத கறுப்பாக இருக்கும். கார்டைப் படம் பிடித்து அச்சிட்ட போலியில் எழுத்தின் விளிம்புகூடப் புள்ளிகளாகச் சிதறும். மூன்றாவதாக, அதே 1952 தொகுப்பில் பெயர் தெரியாத ஓர் ஆட்டக்காரரின் மலிவான கார்டைச் சில பத்து டாலருக்கு வாங்கிப் பக்கத்தில் வையுங்கள். அட்டையின் தடிமனும் நிறமும் ஓரத்தின் சொரசொரப்பும் ஒன்றுபோல இருக்க வேண்டும். இந்த மூன்றையும் தாண்டினால் எழுதுங்கள், பேசுவோம். மடங்கி, முனை தேய்ந்து, 10-க்கு 1 என்ற கடைசித் தரம் வாங்கிய அசலே இருபதாயிரம் டாலருக்கு மேல் போகிறது. ஆகவே பத்து நிமிடம் செலவழிப்பதில் தவறில்லை.

கே: 1952 மேண்டில் கார்டுகளைக் கடலில் கொட்டிவிட்டதால்தான் அது அபூர்வமாமே?

கொட்டியது உண்மை. டாப்ஸில் வேலை பார்த்த சை பெர்கர், விற்காமல் தேங்கிய பெட்டிகளை 1960 வாக்கில் படகில் ஏற்றி அட்லாண்டிக்கில் தள்ளினார். 311 முதல் 407 வரையிலான கடைசி வரிசை பேஸ்பால் பருவம் முடியப்போகும் சமயத்தில் கடைக்கு வந்தது. பிள்ளைகள் அமெரிக்கக் கால்பந்துக்குத் தாவிவிட்டிருந்தார்கள், கடைக்காரர்கள் குறைவாகவே எடுத்தார்கள்.

ஆனால் அந்த வரிசையில் மேண்டில் அபூர்வமான கார்டு அல்ல. மேண்டில், ஜாக்கி ராபின்சன், பாபி தாம்சன் மூவரும் அச்சுத் தாளில் இரண்டு இடங்களில் இருந்தார்கள். அதே வரிசையின் மற்றவர்களைவிட இவர்கள் இரு மடங்கு அச்சானவர்கள். தரச்சான்று பெற்ற 311-களே ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. 2022 ஆகஸ்டில் எஸ்ஜிசி என்ற தரச்சான்று நிறுவனம் 9.5 தரம் கொடுத்த கார்டு 1 கோடியே 26 லட்சம் டாலருக்கு ஏலம் போனது அந்தப் பெயருக்கும் அந்த நிலைக்கும்தான். நல்ல நிலையில் இருப்பது மிகக் குறைவு. "அபூர்வம், இப்போது விட்டால் கிடைக்காது" என்று அவசரப்படுத்துகிறவரிடம் இதைச் சொல்லுங்கள். எந்த வாரமும் எங்காவது ஒன்று விற்பனைக்கு இருக்கும்.

கே: 1954, 1955 டாப்ஸ் மேண்டில் எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை.

கிடைக்காது, அச்சிடவே இல்லை. அந்த இரண்டு ஆண்டும் அவர் போமனில் மட்டும்தான்: 1954-இல் எண் 65, 1955-இல் தொலைக்காட்சிப் பெட்டிக்குள் தெரிவதுபோல் அமைத்த எண் 202. யாராவது "1954 டாப்ஸ் மேண்டில்" விற்றால் அது பின்னாளில் கற்பனையாகச் செய்தது.

கே: 1956 கார்டின் பின்பக்கம் ஒன்றில் சாம்பல், இன்னொன்றில் வெள்ளை. எது போலி?

இரண்டும் அசலாக இருக்கலாம். அந்த ஆண்டு டாப்ஸ் இரண்டு வகை அட்டையிலும் அச்சிட்டது.

கே: 1969 கார்டில் 'மேண்டில்' என்ற பெயர் வெள்ளை எழுத்தில் இருக்கிறது. விற்பவர் ஐந்து மடங்கு விலை கேட்கிறார்.

எண் 500 இரண்டு வகையாக வந்தது. மஞ்சள் எழுத்து சாதாரணம், வெள்ளை எழுத்து குறைவு; அதற்குப் பல மடங்கு விலை நியாயமே. அதனால்தான் மஞ்சளை வெளுக்க வைத்து வெள்ளையாக்குகிற வேலையும் நடக்கிறது. லென்ஸில் எழுத்தின் உள்விளிம்பைப் பாருங்கள், மஞ்சள் எச்சம் ஒட்டியிருக்கும். வெயிலில் வெளுத்திருந்தால் கார்டின் மற்ற நிறங்களும் சோர்ந்திருக்கும். தரச்சான்று இல்லாத வெள்ளை எழுத்துக் கார்டை அந்த விலைக்கு வாங்க வேண்டாம்.

கே: மேண்டில் கையெழுத்திட்ட பந்து ஒன்றை ஈபேயில் 400 டாலருக்கு வாங்கினேன். உண்மைச் சான்றிதழ் இருக்கிறது. 1961-இல் மைதானத்தில் வாங்கிய கையெழுத்து என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பந்தில் ராலிங்ஸ் முத்திரையும் பாபி பிரவுன் என்ற பெயரும் உள்ளன. நம்பலாமா?

மாதத்துக்கு நான்கைந்து கடிதம் இப்படி வருகிறது. எல்லாக் கடிதத்திலும் சான்றிதழைப் பற்றி ஒரு பத்தி, பந்தைப் பற்றி அரை வரி. பணம் கொடுத்தது பந்துக்கு. அதைத் திருப்பிப் பார்க்காமல் காகிதத்தைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அந்தக் காகிதத்தை யாரும் அச்சிடலாம். தங்கநிறக் கரை, கழுகுப் படம், பளபளக்கும் ஒட்டுவில்லை எல்லாம் கடையில் கிடைக்கின்றன. விற்பவரே தன் பந்துக்குத் தானே சான்று கொடுத்தால் அது சான்று ஆகுமா? 1990-களின் இறுதியில் எஃப்பிஐ 'ஆபரேஷன் புல்பென்' என்ற பெயரில் பிடித்த கும்பலின் போலிப் பந்துகளும் சான்றிதழோடுதான் கடைக்குப் போயின.

இப்போது பந்தைப் படியுங்கள். மேண்டிலின் அணி ஆடிய அமெரிக்கன் லீக்கின் அதிகாரபூர்வப் பந்தில் அன்றைய லீக் தலைவரின் பெயர் அச்சாகியிருக்கும். 1959 வரை வில் ஹாரிட்ஜ். அதன் பிறகு 1973 வரை ஜோ குரோனின். 1974 முதல் 1983 வரை லீ மெக்ஃபெயில். 1984 முதல் 1994 வரை பாபி பிரவுன். 1994 முதல் 1999 வரை ஜீன் புடிக். பந்தில் உள்ள முத்திரை மேண்டில் ஆடிய காலத்தில் ரீச், 1977 முதல் ராலிங்ஸ். மேண்டில் ஆடியது 1951 முதல் 1968 வரை. ஆகவே 1961-இல் மைதானத்தில் கையெழுத்தான பந்து என்றால் ரீச் முத்திரையும் குரோனின் பெயரும் இருக்க வேண்டும். உங்கள் பந்து 1984-க்குப் பிறகு தைத்தது. 1961 கதை பொய், சந்தேகமே இல்லை.

கையெழுத்தும் பொய்யா என்பது வேறு கேள்வி. ஓய்வுக்குப் பிறகு மேண்டில் கண்காட்சிகளில் ஆயிரக்கணக்கில் கையெழுத்திட்டார். அவருடைய அசல் கையெழுத்துள்ள பந்துகளில் பெரும்பகுதி பாபி பிரவுன் பந்துகள்தான். ஆனால் கதையில் பொய் சொன்னவர் கையெழுத்தில் மட்டும் உண்மை பேசுவார் என்று எடுத்துக்கொள்ள முடியாது. பந்தை பிஎஸ்ஏ, ஜேஎஸ்ஏ, பெக்கெட் என்ற மூன்று சான்று நிறுவனங்களில் ஒன்றுக்கு அனுப்புங்கள். அவர்கள் மறுத்தால், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் ஈபேயில் புகார் பதியுங்கள். கெடுவை இன்றைக்கே பாருங்கள்.

மற்றவர்களும் குறித்துக்கொள்ளுங்கள். மேண்டில் 1995 ஆகஸ்ட் 13 அன்று இறந்தார். புடிக் பெயர் உள்ள பந்தில் அவர் கையெழுத்திட மிகக் குறைந்த காலமே இருந்தது. அப்படி வந்தால் இரட்டிப்பு எச்சரிக்கை. 2000 முதல் வந்த பட் செலிக் பெயர் உள்ள பந்து என்றால் பேச்சே வேண்டாம். மேஜர் லீக் பேஸ்பாலின் ஹோலோகிராம் திட்டம் 2001-இல் தொடங்கியது, கண்ணெதிரே நடந்ததற்கு மட்டும் ஒட்டுவது. மேண்டில் கையெழுத்துக்குச் சாட்சியாக அது ஒட்டியிருந்தால் சொல்லவே வேண்டாம். அணியினர் எல்லோரும் கையெழுத்திட்ட 1950-களின் அணிப் பந்துகளில் இன்னொரு சிக்கல்: உடைமாற்றும் அறைப் பணியாளர்களே மேண்டில் பெயரை எழுதிக் கொடுத்தார்கள். பந்து அசல், காலம் சரி, மற்றவர்கள் கையெழுத்தும் சரி, மேண்டில் மட்டும் வேறு கை. அணிப் பந்தில் அவர் பெயரைத் தனியாகச் சோதிக்கச் சொல்லுங்கள்.

பெயர் பெற்ற நிறுவனத்தின் சான்றுக்கும் ஒரு வேலை உண்டு. எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்கே உள்ள படத்தையும் கையில் உள்ள பொருளையும் ஒப்பிடுங்கள். எண் அசலாகவும் பொருள் வேறாகவும் இருப்பது நடக்கிறது. சான்றிதழைப் படிக்கும் முன் பந்தைப் படியுங்கள்.

கே: மேண்டில் பெயர் பொறித்த லூயிவில் ஸ்லக்கர் மட்டை. பிடியின் அடியில் 33 என்று இருக்கிறது. அவர் ஆடியதா?

கடையில் விற்றது. 32, 33 என்பது அங்குல நீளம், கடைமட்டைக்கு இடும் குறி. சுவரில் மாட்ட அழகான பொருள். அதற்கான விலை மட்டும் கொடுங்கள்.

கே: புளோரிடாவில் இருக்கிறேன். கார்டுகள் கராஜில், நான்கு திருகு போட்ட கண்ணாடிப் பெட்டிகளில் இருக்கின்றன. போதுமா?

கராஜிலிருந்து இன்றே வெளியே எடுங்கள். பகலில் கொதித்து இரவில் ஈரம் ஏறும் இடத்தில் அட்டை வளையும், பூஞ்சை பிடிக்கும். ஏசி உள்ள அறையின் உள்சுவர் அலமாரிதான் இடம். ஈரப்பதம் 45 முதல் 50 சதவீதம், வெப்பம் 20 டிகிரிப் பக்கம். பத்து டாலர் ஈரப்பதமானி ஒன்று போதும்.

திருகுப் பெட்டி அதைவிட மோசம். இறுக்க இறுக்க அட்டை நசுங்கிப் பரவும், முனைகள் தட்டையாகும். தரம் பார்க்கிறவர்கள் அதைக் கை வைத்த கார்டு என்று ஒதுக்குவார்கள். பென்னி ஸ்லீவ் என்ற மென்மையான பிளாஸ்டிக் உறை, அதன் மேல் டாப்லோடர் என்ற கெட்டி உறை, அவ்வளவுதான். 1952 முதல் 1956 வரையிலான டாப்ஸ் பெரியவை. இன்றைய அளவு ஸ்லீவில் திணித்தால் முனை மடங்கும், 'விண்டேஜ்' அளவு என்று கேட்டு வாங்குங்கள். பழைய பிவிசி ஆல்பப் பக்கங்கள் வாடை அடித்தால் உடனே மாற்றுங்கள், எண்ணெய் கசிந்து மேற்பரப்பில் ஒட்டும்.

கே: 1962 கார்டின் மரநிற ஓரத்தில் வெள்ளை தெரிகிறது. பழுப்பு மார்க்கரால் லேசாகத் தொடலாமா?

கூடாது. மை ஓரத்தின் வழியே அட்டைக்குள் ஊறும், பக்கவாட்டில் பார்த்தாலே தெரியும். 4-ஆம் தரத்தில் நிற்க வேண்டிய கார்டு தர எண்ணே இல்லாமல் 'ஆதென்டிக்', அதாவது அசல் மட்டும்தான், என்று திரும்பி வரும். ஓரத்தை நறுக்கியதற்கும் இதே கதி. பழைய கார்டு பழையதாகவே இருக்கட்டும்.

கே: 300 டாலர்தான் இருக்கிறது. ஆடிய காலத்து மேண்டில் ஏதாவது கிடைக்குமா?

தாராளமாக. 1964 எண் 50, 1966 எண் 50, 1967 எண் 150, 1968 எண் 280 எல்லாம் 2, 3 தரத்தில் இந்தப் பணத்துக்குள் வரும். இன்னும் குறைக்க வேண்டுமானால் 1962-இன் 318, அவர் வலப்பக்கமும் இடப்பக்கமும் நின்று அடிப்பதைக் காட்டும் சிறப்புக் கார்டு. மடிப்புக் கோடு முகத்தின் குறுக்கே ஓடாத கார்டாகத் தேடுங்கள். படம் நடுவில் இருந்து, முனைகள் உருண்டிருந்தால் எனக்கு அது குறையே அல்ல. ஒரு பக்கம் சாய்ந்து வெட்டியதற்கு பிஎஸ்ஏ 'ஓசி' (நடுவில் இல்லை) என்ற குறி போடும். அப்படிப்பட்ட 7-ஆம் தரக் கார்டுக்கு 5-ஆம் தரத்தின் விலை கொடுத்தால் போதும்.

கே: தரம் பார்க்க அனுப்பும்போது எப்படிக் கட்டுவது?

பென்னி ஸ்லீவ், பிறகு வளையும் தன்மையுள்ள கார்டு சேவர். டாப்லோடர் வேண்டாம், எடுக்கும்போது முனை இடிக்கும். இரண்டு கனத்த அட்டைகளுக்கு நடுவே வைத்து ரப்பர் பேண்டை அட்டையின் மேல் போடுங்கள், கார்டு சேவர் மேல் படக்கூடாது. ஒட்ட வேண்டிய இடத்தில் பெயின்டர் டேப். காப்பீடு முழு மதிப்புக்கு. அனுப்பும் முன் இருபக்கமும் படம் எடுத்து, மில்லிமீட்டரில் அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.