கரிசல் மண்ணில் பள்ளித் தோட்டம்

கேள்வி: எங்கள் தொடக்கப் பள்ளியில் தோட்டம் போட ஆசை. கரிசல் மண், தண்ணீரும் குறைவு. எதில் தொடங்கலாம்?
- ஓர் ஆசிரியை, திருமங்கலம்

பதில்: சிறுகீரைதான், டீச்சர். 25 நாளில் பறித்துவிடலாம். பிள்ளைகளின் பொறுமை அவ்வளவுதான் தாங்கும். விதை பொடிசு, மணலோடு கலந்து தூவச் சொல்லுங்கள். கரிசலில் தண்ணீர் தேங்கும் என்பதால் மேட்டுப்பாத்தி, மக்கிய தொழுவுரம். சாப்பாட்டு நேரத்தில் தட்டு அலசும் தண்ணீரைப் பாத்திக்குத் திருப்புங்கள், சோப்பு கலக்காமல். வேலியோரம் பெரியகுளத்து பி.கே.எம்.1 என்ற ரக முருங்கை இரண்டு போதும்.

தக்காளிக்கு அவசரப்படாதீர்கள், பூச்சி விழுந்தால் பிள்ளைகளுக்கு மனசு விட்டுப்போகும். என் பேரனும் அப்படி அழுதவன்தான். பறித்த கீரையை அன்றைக்கே சத்துணவு அக்காவிடம் கொடுத்துக் கடையச் சொல்லுங்கள். அப்புறம், ஏப்ரலில் விதைக்க வேண்டாம். மே லீவில் யார் தண்ணீர் ஊற்றுவது?