ஒன்பது வயதுப் பையனும் மஸ்டர் புத்தகமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் அம்மாவழி முன்னோர் ஒருவர் பிரிட்டிஷ் ராயல் நேவியில் லெப்டினன்ட். வீட்டில் எல்லோரும் 'கேப்டன்' என்றே சொல்வார்கள். லண்டன் கியூ ஆவணக் காப்பகத்தில், 1787ஆம் ஆண்டு மஸ்டர் புத்தகம் (கப்பல் ஆட்களின் பெயர்ப் பதிவேடு) ஒன்றில் அவர் பெயர் கிடைத்தது: வயது 9, 'கேப்டன்ஸ் சர்வன்ட்'. அந்த வயதில் கடலுக்குப் போன குழந்தையை நினைத்து இரண்டு நாள் தூக்கமில்லை. அவர் எந்தப் போர்களில் இருந்தார், பதக்கம் வாங்கினாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

க.

அன்புள்ள க.,

பதக்கப் பேச்சை முதலில் முடித்துவிடுவோம். அந்தக் காலப் போர்களுக்கான பொதுப் பதக்கம் 1847இல்தான் அறிவிக்கப்பட்டது, அதுவும் அப்போது உயிரோடிருந்து விண்ணப்பித்தவர்களுக்கு. அவர் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தால் தேடி அலைய வேண்டாம். 'கேப்டன்' பட்டத்தையும் விடுங்கள். சின்னக் கப்பலை நடத்தியவரையும் மரியாதைக்கு அப்படி அழைப்பார்கள்.

உங்கள் இரண்டு நாள் தூக்கத்துக்காகத்தான் இந்தப் பதில். அந்தக் குழந்தை கப்பலிலேயே இல்லாமல் இருந்திருக்கலாம், அம்மா! மஸ்டர் புத்தகம் சம்பளத்துக்கும் ரேஷனுக்கும் எழுதிய கணக்கு. நூறு ஆட்களுக்கு நான்கு 'சர்வன்ட்' வீதம் வைத்துக்கொள்ள கேப்டனுக்கு உரிமை இருந்தது. அவர்கள் சம்பளம் அவர் பைக்குள் போனது. இந்த முறை 1794 வரை நீடித்தது. லெப்டினன்ட் தேர்வுக்குப் போக ஆறு வருடக் கடல் சேவை வேண்டும். வீட்டில் பாடம் படித்துக்கொண்டிருக்கும் பையனின் பெயரை ஏற்றிவிட்டால் கேப்டனுக்குப் பணம், பையனுக்கு வருடக் கணக்கு. பின்னாளில் பெயர்பெற்ற கடற்படைத் தளபதி தாமஸ் காக்ரேனின் பெயரைச் சிறுவயதிலேயே அவருடைய சித்தப்பா பல கப்பல்களின் புத்தகங்களில் ஏற்றிவைத்தார். காக்ரேன் உண்மையில் கப்பலேறியது 1793இல், 17 வயதில். வயதும் அப்படித்தான். பிற்காலத்தில் புகழ்பெற்ற அட்மிரல் நெல்சன் 1777இல் தேர்வுக்குப் போனபோது அவருக்கு 18. சான்றிதழோ இருபதைத் தாண்டியவர் என்கிறது. தேர்வுக் குழுவில் இருந்தவர் அவருடைய தாய்மாமன்!

புத்தகத்தில் பெயரைப் பார்த்ததும் தூக்கத்தை விட்டீர்களே, பக்கத்துக் கட்டங்களைப் பார்த்தீர்களா? 'என்ட்ரி' என்று ஒரு தேதி, 'அப்பியரன்ஸ்' என்று இன்னொன்று. முதலாவது பெயர் ஏறிய நாள், அடுத்தது ஆள் வந்து நின்ற நாள். இரண்டுக்கும் நடுவே மாதக்கணக்கில் இடைவெளி இருந்தால் உஷாராகுங்கள். டி என்றால் இறங்கிப் போனவர், டிடி இறந்தவர், ஆர் ஓடிப்போனவர். டி இருந்தால் எந்தக் கப்பலுக்குப் போனார் என்று பக்கத்திலேயே எழுதியிருக்கும். அதுதான் உங்களுக்கு நூல்முனை.

மஸ்டர்கள் கப்பல் பெயரில்தான் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஆளின் பெயரை வைத்து அவற்றில் துழாவினால் ஆயுள் போதாது. காப்பகத்தில் கடற்படை ஆவணங்களுக்கு 'ஏடிஎம்' என்று வரிசை எண் உண்டு. ஏடிஎம் 107 வரிசையில் லெப்டினன்ட் தேர்வுச் சான்றிதழைப் பிடியுங்கள். சேவை செய்த கப்பல்கள், ஒவ்வொன்றிலும் எவ்வளவு காலம் என்று அதில் இருக்கும். ஒவ்வொரு கப்பலுக்கும் ஏடிஎம் 36இலும் 37இலும் மஸ்டரை எடுத்து ஒப்பிடுங்கள். ஒரே தேதியில் இரண்டு கப்பல்களில் இருக்கிறாரா? குட்டு அங்கே உடையும். ஞானஸ்நானச் சான்று இணைத்திருந்தாலும் நம்பிவிடாதீர்கள், ஊர்ச் சர்ச் பதிவேட்டோடு வைத்துப் பாருங்கள். ஒரே பெயரில் அடுத்தடுத்து இரண்டு கப்பல்கள் இருந்ததுண்டு, ஒரே பெயரில் இரண்டு லெப்டினன்ட்களும் உண்டு. லெப்டினன்ட்களைப் பதவி கிடைத்த தேதியை வைத்துத்தான் பிரிக்க முடியும். 1782இலிருந்து ஸ்டீல் என்பவர் வெளியிட்ட கடற்படை அதிகாரிகள் பட்டியலும் 1814இலிருந்து அரசே வெளியிட்ட நேவி லிஸ்ட்டும் அதற்கு உதவும்.

போர்கள் கேட்டீர்கள் அல்லவா? கப்பலும் தேதியும் உறுதியானபின் ஏடிஎம் 51இல் கேப்டன் லாக், அதாவது கப்பலின் அன்றாடக் குறிப்பேடு, பாருங்கள். 1805 வரை லாக்கில் நாள் நண்பகலில் தொடங்கும்: 20ஆம் தேதி பிற்பகல் நடந்தது 21இல் எழுதப்பட்டிருக்கும். அங்கே தடுக்கி விழாதவர் குறைவு.

இத்தனையும் பார்த்தபின், 'அப்பியரன்ஸ்' கட்டத்திலும் 1787 என்றே இருந்து, சர்ச் பதிவேடும் ஒன்பது வயதுதான் என்றால், எனக்கு எழுதுங்கள். அன்று நானும் தூங்க மாட்டேன்.