டென்மார்க் அரசர் நான்காம் கிறிஸ்டியன் எப்படிப்பட்டவர்? அவர் குடும்பம், தரங்கம்பாடித் தொடர்பு பற்றிச் சொல்ல முடியுமா?

தரங்கம்பாடி விஷயம் சின்னது, அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் ஆளைப் பார்ப்போம்.

கிறிஸ்டியன் பிறந்தது 1577-இல். அப்பா இரண்டாம் ஃபிரெடரிக் 1588-இல் இறந்தபோது பையனுக்கு 11 வயதுகூட நிரம்பவில்லை. எனவே கொஞ்ச காலம் பிரபுக்கள் சபைதான் ஆட்சியைப் பார்த்துக்கொண்டது. 1596-இல் முடிசூட்டிக்கொண்டார், 1648-இல் சாகும்வரை அரியணையில் இருந்தார். அப்பா இறந்த 1588-இலிருந்து கணக்கிட்டால் மொத்தம் 59 ஆண்டுகள். டென்மார்க்கில் வேறு யாரும் இவ்வளவு காலம் ஆண்டதில்லை.

அவர் கையில் காசு தாராளமாகப் புரண்டது. பால்டிக் கடலுக்குப் போகிற வருகிற கப்பல்கள் ஹெல்சிங்கோர் ஊருக்கு முன்னால் நின்று சுங்கம் கட்டியாக வேண்டும். அந்த வருமானம் நேரே அரசரின் கஜானாவுக்குப் போகும், சபையிடம் கையேந்த வேண்டியதில்லை. அந்தப் பணத்தில் கட்டிக்கொண்டே இருந்தார். கோபன்ஹேகனில் ரோசன்போர்க் அரண்மனை, 2024-இல் தீப்பிடித்து எரிந்த பழைய பங்குச்சந்தைக் கட்டடம், வட்டக் கோபுரம் எல்லாம் அவர் காலத்தவை. 1624-இல் ஓஸ்லோ எரிந்தபோது ஊரையே சற்றுத் தள்ளிக் கட்டச் சொல்லி, கிறிஸ்டியானியா என்று தன் பெயரையும் வைத்தார். 1925-இல்தான் பழைய பெயர் திரும்பியது.

வட்டக் கோபுரத்தின் மேல்பகுதியைத் தவிர வேறெங்கும் படிக்கட்டு கிடையாது. உள்ளே ஏழரைச் சுற்றுச் சரிவுப் பாதைதான். வெளிச்சுவரில் எழுத்தும் சித்திரமுமாக ஒரு விடுகதை வாசகம் இருக்கும். அதன் வரைவை அரசரே தன் கையால் எழுதியிருக்கிறார். அப்படிப்பட்ட ஆள்: எல்லாவற்றிலும் தலையிடுவார், சின்ன விஷயத்துக்கும் கடிதம் எழுதுவார்.

போரில்தான் கைசுட்டது. 1625-இல், ஜெர்மனியில் மதச் சண்டையாகத் தொடங்கிய முப்பதாண்டுப் போரில் குதித்தார். சபை வேண்டாம் என்றது. டென்மார்க் அரசராக அல்ல, ஜெர்மானியப் பகுதியான ஹோல்ஸ்டைனின் பிரபுவாகப் போகிறேன் என்று கிளம்பிவிட்டார். மறு ஆண்டே லுட்டர் போரில் படுதோல்வி. எதிரிப்படை டென்மார்க்கின் தீபகற்பமான யூட்லாந்து முழுக்கப் புகுந்து சூறையாடியது. 1629-இல் லூபெக் உடன்படிக்கையில் நிலம் தப்பியது, கஜானா தப்பவில்லை. பிறகு 1644-இல் ஸ்வீடனோடு நடந்த கடற்போரில் சிதறல் பட்டு ஒரு கண் போனது. அப்போது வயது 67. ரத்தக்கறை படிந்த அந்த உடையை ரோசன்போர்க்கில் இன்றும் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். உடலிலிருந்து எடுத்த சிதறல் துண்டுகளைப் பதித்துச் செய்த காதணியும் அங்கேதான் இருக்கிறது. பரிசு கொடுப்பதற்கு இவருக்கு வேறு எதுவும் தோன்றவில்லை போலும்!

எனக்கென்னவோ போர்களைவிட வீட்டு விவகாரம்தான் அந்த நாட்டை அதிகம் ஆட்டிவைத்தது என்று தோன்றுகிறது. பட்டத்து ராணி அன்னா கத்தரீனா 1612-இல் இறந்தார். மூன்று ஆண்டு கழித்து, 38 வயது அரசர் கிர்ஸ்டன் மங்க் என்ற 17 வயதுப் பிரபுக்குலப் பெண்ணை மணந்தார். ஆனால் கிர்ஸ்டனுக்கு ராணிப் பட்டமோ, பிள்ளைகளுக்கு அரியணை உரிமையோ இல்லாத திருமணம் அது. பத்துக்கு மேல் பிள்ளைகள் பிறந்தன. பிறகு கிர்ஸ்டனுக்கு ஒரு ஜெர்மானியப் படைத் தலைவரோடு தொடர்பு ஏற்பட்டது. 1629-இல் பிறந்த கடைசிக் குழந்தையைத் தன்னுடையது இல்லை என்று சொல்லிவிட்டார் அரசர். கிர்ஸ்டனை அரண்மனையை விட்டு அனுப்பினார். அந்த இடத்துக்கு வந்தது யார்? கிர்ஸ்டனிடம் பணிப்பெண்ணாக இருந்த விபெக்கே.

இதில் சிக்கல் என்னவென்றால், கிர்ஸ்டனின் பெண்களைப் பெரிய பிரபுக்களுக்குக் கட்டிக்கொடுத்து, அந்த மாப்பிள்ளைகளையே ஆட்சியில் உட்கார வைத்திருந்தார். அவர்களில் முக்கியமானவர் லியோனோரா கிறிஸ்டினாவின் கணவர் கோர்ஃபிட்ஸ் உல்ஃபெல்ட். மூத்த இளவரசர் 1647-இல் இறந்துபோக, அடுத்த ஆண்டு அரசரும் போனார். கிர்ஸ்டன் தரப்பு நோயில் கிடந்த விபெக்கேயை ரோசன்போர்க்கிலிருந்து துரத்தியது. சில வாரங்களில் அந்தப் பெண்ணும் இறந்தார். பட்டத்துக்கு வந்த இளைய மகன் மூன்றாம் ஃபிரெடரிக்கின் அதிகாரத்தை மாப்பிள்ளைகளும் சபையும் ஒப்பந்தம் போட்டுச் சுருக்கிவிட்டார்கள்.

அப்புறம் உல்ஃபெல்ட் ஸ்வீடனுக்கு ஓடினார். 1658-இல் டென்மார்க் தோற்று ரோஸ்கில்டேயில் நிலத்தை எழுதிக்கொடுத்தபோது, ஸ்வீடன் பக்கம் உட்கார்ந்து பேரம் பேசியவர்களில் அவரும் ஒருவர். அதற்கான விலையை மனைவி கொடுத்தார். அரசரின் செல்ல மகளான லியோனோரா 1663 முதல் 1685 வரை, 22 ஆண்டுகள், கோபன்ஹேகன் நீலக் கோபுரத்தில் சிறை இருந்தார். அடைத்தது சொந்த அப்பாவின் மகன் மூன்றாம் ஃபிரெடரிக்தான்.

சரி, தரங்கம்பாடி. 1616-இல் கிறிஸ்டியன் ஒரு கிழக்கிந்தியக் கம்பெனிக்கு உரிமம் கொடுத்தார். கண்டி அரசரின் தூதராக வந்த ஒரு டச்சுக்காரர் பேச்சை நம்பி, 1618-இல் ஓவ கியெட்டே தலைமையில் இலங்கைக்குக் கப்பல்கள் கிளம்பின. தூதர் வழியிலேயே இறந்துபோனார், கண்டி அரசரோ அந்த ஒப்பந்தத்தை ஏற்கவில்லை. ஆனால் 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் தரங்கம்பாடி கிடைத்தது, டேனிஷ் கோட்டையும் எழுந்தது. நாயக்கர் அனுப்பிய தமிழ்ப் பொன்னோலை டென்மார்க் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. கிறிஸ்டியனுக்கு இதில் பெரிய லாபம் எதுவும் கிடைக்கவில்லை. 1640களிலிருந்து 1669 வரை டென்மார்க்கிலிருந்து தரங்கம்பாடிக்குக் கப்பலே வரவில்லை.

தரங்கம்பாடிக்கு மிஷனரி சீகன்பால்குவை அனுப்பியதும் இவர்தான் என்று பலர் எழுதுகிறார்கள். அது தவறு. 1706-இல் அவர் வந்து இறங்கியபோது டென்மார்க்கை ஆண்டவர் நான்காம் ஃபிரெடரிக், இந்தக் கிறிஸ்டியனின் கொள்ளுப்பேரன்.