பனிவண்டியும் திரும்பும் தூரமும்

ஐயா, வணக்கம்.

வடதுருவத்தை ஒட்டிய நாடுகளின் குளிர்காலம் பற்றிய கட்டுரையில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: "மின்சார ஸ்னோமொபைல் பரவிவிட்டால் பனிக்காட்டுக்கு அதன் பழைய மௌனம் திரும்பக் கிடைத்துவிடும்." படித்ததும் சிரிப்பு வந்தது. முன்னால் ஸ்கீ என்ற சறுக்குக் கட்டைகளும் அடியில் ட்ராக் என்ற சுழலும் ரப்பர் பட்டையும் கொண்டு பனியில் ஓடும் பைக் போன்ற வண்டிதானே ஸ்னோமொபைல்; பின்லாந்தின் ரோவனியேமியில் அதன் மின்சார வகை ஒன்றில் இரண்டு மணி நேரம் சுற்றியவன் நான். வண்டி நன்றாகத்தான் இருந்தது. புகை இல்லை, உடுப்பில் பெட்ரோல் வாடை இல்லை. ஆனால் வழிகாட்டி வகுத்த வட்டத்தை விட்டு இம்மியும் நகர முடியவில்லை. "அந்த ஏரிக்கு அப்பால் போகலாமா?" என்று கேட்டேன். "அதற்குப் பெட்ரோல் வண்டி எடுக்க வேண்டும்" என்றார்.

இது சுற்றுலா வருகிறவர்களுக்கான பொம்மைதானா? விமானத்தில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்துவிட்டு, இரண்டு மணி நேரம் புகையில்லாமல் சுற்றுவதில் என்ன பெருமை? கடைசியாக ஒன்று. கனடாவின் கியூபெக்கில் இருக்கும் என் மைத்துனர் இப்படி ஒரு வண்டியைப் பழையதாக வாங்கலாமா என்று யோசிக்கிறார். என்ன சொல்லட்டும்?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

அந்த வரியை எழுதும்போதே உறுத்தியது. ஓசையாக வந்துவிட்டதே என்று விட்டுவிட்டேன். இப்போது திருத்திவிட்டேன், 'மௌனம்' இருந்த இடத்தில் 'குறைந்த சத்தம்' இருக்கிறது. நீங்களே கேட்டிருப்பீர்கள், இன்ஜின் இல்லாவிட்டாலும் ட்ராக் பனியை அறைந்துகொண்டேதான் போகும், முன்னால் ஸ்கீ உரசும், மோட்டார் மெல்லிய குரலில் கீச்சிடும். பக்கத்தில் இருப்பவருடன் கத்தாமல் பேசலாம், அவ்வளவுதான்.

ஆனால் அந்த 'அவ்வளவுதான்' சின்ன விஷயமில்லை. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில், 2002 வாக்கில், மேற்கு வாசலில் நின்று சீட்டுக் கொடுத்த ஊழியர்கள் மூச்சுக்கவசம் மாட்டிக்கொண்டு வேலை பார்த்தார்கள். மலையும் வெந்நீர் ஊற்றும் காட்டெருமையும் இருக்கிற இடம்! காரணம், வரிசையில் நின்ற ஸ்னோமொபைல்களின் புகை. பழைய டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் ஊற்றுகிற பெட்ரோலில் கால் பங்கு வரை எரியாமலே வெளியே போகும், அதோடு கலந்த ஆயிலும் போகும். பிற்பாடு அங்கே புகைக்கும் சத்தத்துக்கும் வரம்பு வைத்தார்கள், வண்டிகளின் எண்ணிக்கையையும் கட்டுப்படுத்தினார்கள். இந்த வண்டிகளைப் பூங்காவுக்குள் விடலாமா என்ற சண்டை சூடாக நடந்துகொண்டிருந்த காலத்தில், 2000இல், அதே வட்டாரத்தில் பொறியியல் மாணவர்களுக்கு ஒரு போட்டி தொடங்கியது, யார் சுத்தமான ஸ்னோமொபைல் செய்வது என்று. மின்சார வண்டிகளுக்கும் பின்னாளில் அதில் தனிப் பிரிவு வந்தது. இன்று நாம் பேசுகிற வண்டிகளில் ஒரு கிளைக்கு அதுதான் நாற்றங்கால்.

அந்த மாணவர்களின் மின்சார வண்டிகள் கிரீன்லாந்தின் பனிமுடிக்கு, கிட்டத்தட்ட 3,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் சம்மிட் ஆய்வு நிலையத்துக்குப் போயின. அங்கே விஞ்ஞானிகள் காற்றிலும் பனியிலும் கலந்திருப்பதை நுணுக்கமாக அளக்கிறார்கள். பெட்ரோல் வண்டியில் போய் பனி அள்ளினால் தன் வண்டிப் புகையைத்தான் அளந்துவிட்டு வர வேண்டியிருக்கும். மெலிந்த காற்றும் மின்மோட்டாரை ஒன்றும் செய்வதில்லை. பெட்ரோல் இன்ஜினோ ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஏறத்தாழ 3 சதவீதம் பலம் இழக்கும். அந்த உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். இன்னொரு சௌகரியம், பெட்ரோல் ஸ்னோமொபைலில் இன்ஜினின் பலத்தை ட்ராக்குக்குக் கடத்துகிற, அடிக்கடி அறுந்துபோகிற டிரைவ் பெல்ட் இதில் தேவையில்லை. பழகிய ஓட்டிகள் எல்லாரும் மாற்று பெல்ட் ஒன்றைக் கூடவே சுமப்பார்கள், காட்டுக்கு நடுவில் விரல் விறைக்க மாற்றியும் இருப்பார்கள்.

சரி, உங்கள் ஏரிக்கு வருவோம்.

ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 9 யூனிட் ஆற்றல் இருக்கிறது. 40 லிட்டர் டேங்க் என்றால் 360 யூனிட். அந்தப் பெட்ரோலின் எடை 30 கிலோதான். இன்ஜின் அதில் முக்கால் பங்கைச் சூடாக வீணாக்குகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள், மிச்சம் 90 யூனிட். இந்த 90 யூனிட்டைப் பேட்டரியில் சுமப்பதென்றால் இன்றைய கணக்கில் 600 கிலோ. ஒரு பெட்ரோல் ஸ்னோமொபைலின் மொத்த எடையே 250, 300 கிலோதான்! அதனால் செய்கிறவர்கள் 20 சொச்சம் யூனிட்டுக்குள் நிறுத்திக்கொள்கிறார்கள். மான்ட்ரியலின் டைகா நிறுவனம் 100 கிலோமீட்டர் வரை போகும் என்று சொல்லி விற்றது. ஸ்கீ-டூ என்ற ஸ்னோமொபைலைச் செய்யும் பிஆர்பி நிறுவனம் தன் மின்சார வண்டிகளுக்கு 50 கிலோமீட்டர் என்று அடக்கமாகச் சொன்னது. எனக்கு இந்த அடக்கம் பிடித்திருக்கிறது. பெட்ரோல் வண்டி ஒரு டேங்கில் 150, 200 கிலோமீட்டர் போய்விடும்.

அந்த 100, 50 எல்லாமே இறுகிய பாதையில்தான். இடுப்பளவு புதுப் பனியில் இறங்கினால் வண்டி பனியை உழுதுகொண்டு போக வேண்டும். தூரம் எவ்வளவு சுருங்கும் என்பது பனியின் கையில். குளிர் வேறு. லித்தியம் பேட்டரி கடுங்குளிரில் சோம்பிப்போகும். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே அப்படியே சார்ஜ் ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து பேட்டரி கெடும். எனவே முதலில் அதைச் சூடாக்கிவிட்டுத்தான் ஏற்ற முடியும். வேடிக்கையைப் பாருங்கள், பெட்ரோல் இன்ஜினுக்குச் சூடு மிஞ்சிப்போய் ட்ராக் வாரியடிக்கும் பனியை வைத்து ஆற்றுகிறார்கள். இங்கே குளிர் காய்வதற்கே சார்ஜில் கொஞ்சம் போகிறது. இரவு பிளக்கில் செருகி வைக்க இடமிருந்தால் கவலையில்லை. மைனஸ் 30இல், கூடாரத்துக்கு வெளியே, பிளக் இல்லாமல் நிற்கும் வண்டியை நினைத்துப் பாருங்கள்.

இதையெல்லாம் விடப் பெரிய குறையாக நான் நினைப்பது ஒன்று. பெட்ரோல் தீர்ந்தவனுக்குக் கூட வந்தவர் தன் கேனிலிருந்து இரண்டு லிட்டர் ஊற்றலாம். சார்ஜ் தீர்ந்தவனுக்கு எதை ஊற்றுவது?

பனியில் வழியில்லாமல் தவித்த ஒருவரிடமிருந்துதான் ஸ்கீ-டூவின் கதையே தொடங்குகிறது. 1934 குளிர்காலத்தில் கியூபெக்கின் வால்கூர் ஊரில் ஜோசப்-அர்மாண்ட் பொம்பார்டியே என்ற மெக்கானிக்கின் இரண்டு வயது மகன் வயிற்றின் உள்ளுறை அழற்சியில் (பெரிட்டோனைட்டிஸ்) இறந்துபோனான். சாலையெல்லாம் பனியில் மூடிக்கிடந்ததால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியவில்லை. அவர் அதற்கு முன்பே பனியில் ஓடும் வண்டிகளைச் செய்து பார்த்துக்கொண்டிருந்தவர். மூன்று வருடத்தில் ஏழு பேர் உட்காரும் வண்டி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தார். டாக்டர்களும் தபால்காரர்களும் பள்ளிப் பிள்ளைகளும் அவருடைய வண்டிகளில் போனார்கள். ஒருவர் இருவர் ஓட்டும் சின்ன ஸ்கீ-டூ வந்தது 1959இல்தான். பொழுதுபோக்கு அதற்கு அப்புறம் ஒட்டிக்கொண்டது.

எனவே 'பொம்மையா' என்ற உங்கள் கேள்வியை நான் வேறு மாதிரி கேட்பேன்: புறப்பட்ட இடத்துக்கே சாயங்காலம் திரும்பி வருகிற வேலையா, இல்லையா? பனிச்சறுக்கு மலைகளில் காவல் ரோந்து, லிஃப்ட் பழுது பார்க்கப் போவது, சுற்றுலா வட்டம், ஆய்வு நிலையத்தைச் சுற்றிய ஓட்டம், இதற்கெல்லாம் மின்சார வண்டி இன்றைக்கே பெட்ரோலை விட மேல் என்பது என் எண்ணம். உங்கள் வழிகாட்டி வட்டத்தை விட்டு நகர விடாததும் அதனால்தான். வட்டத்தில் இருக்கும் வரை அது முழு வண்டி. ஆனால் கலைமான் கூட்டத்தைத் தேடி நாள் முழுக்க எங்கெங்கோ அலைய வேண்டிய, ஸ்காண்டிநேவிய வடக்கின் பூர்வகுடியான சாமி இன மேய்ப்பருக்கும், கடல் பனியில் தொலைதூரம் வேட்டைக்குப் போகும், ஆர்க்டிக் பூர்வகுடியான இனுயிட் மனிதருக்கும் இது ஆகாது. புகையோடும் சத்தத்தோடும் அன்றாடம் வாழ்கிறவர்கள் இவர்கள்தான். இவர்களுக்குத்தான் மாற்று கடைசியாக வரும்.

வந்தாலும் சார்ஜ் எதிலிருந்து என்ற கேள்வி இருக்கிறது. கியூபெக்கிலும் நார்வே பெருநிலத்திலும் மின்சாரம் பெரும்பாலும் நீரிலிருந்து வருகிறது, அங்கே பேச்சே இல்லை. கனடாவின் நுனாவுட்டில் ஊருக்கு ஊர் டீசல் ஜெனரேட்டர். நார்வேயின் ஆர்க்டிக் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டில் இருக்கும் லாங்கியர்பியன் ஊர் 2023இல் நிலக்கரி மின்நிலையத்தை மூடிவிட்டு டீசலுக்கு மாறியது. அங்கே புகை வண்டியின் வாலிலிருந்து ஊர்க்கோடிக்கு இடம் மாறுகிறது. மூக்குக்கு நல்லது, வானத்துக்குப் பாதி நல்லது.

விமானம் பற்றி நீங்கள் சொன்னது சரி. அதற்கு என்னிடம் பதில் இல்லை. பெருமைப்பட ஒன்றுமில்லை, ஆனால் நீங்கள் போன பிறகும் அங்கேயே நாள் முழுக்க நிற்கும் வழிகாட்டியின் நுரையீரலுக்கு அந்த இரண்டு மணி நேரமும் கணக்குதான்.

மைத்துனர் விஷயம். டைகா என்றால் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். மெக்கில் பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு, நான் மேலே சொன்ன மாணவர் போட்டியிலிருந்து வந்த மூவர் 2015இல் தொடங்கிய நிறுவனம் அது, எனக்கு அவர்கள் மேல் பிரியம் உண்டு. ஆனால் 2024இல் கடன்காரர்களிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்புக் கேட்கும் நிலைக்குப் போய், பிறகு கை மாறியது. பழைய வண்டிக்கான வாரண்டி இப்போது யார் பொறுப்பு, உதிரி பாகம் எங்கே கிடைக்கும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும். எந்த கம்பெனி வண்டியானாலும் பேட்டரி எத்தனை குளிர்காலம் பார்த்தது, சார்ஜ் இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் கிடந்ததா என்று கேட்க வேண்டும். அவர் வழக்கமாகப் போய்வரும் தூரத்தை, குளிருக்கும் புதுப் பனிக்கும் சேர்த்து இரண்டால் பெருக்கி, வண்டி செய்கிறவர்கள் சொல்லும் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். விற்கிறவரிடம் மைனஸ் 20இல், புதுப் பனி விழுந்த மறுநாள் காலையில் ஓட்டிப் பார்க்கிறேன் என்று சொல்லச் சொல்லுங்கள். அவர் என்ன சாக்குச் சொல்கிறார் என்று எனக்கும் எழுதுங்கள்.