கோவிட் பற்றி மாற்றுக் கருத்து சொன்ன அமெரிக்க மருத்துவர்களின் உரிமத்தில் கைவைத்தது சரியா?

நோயாளிக்குச் செய்த காரியத்துக்காக என்றால் சரி. பொதுவெளியில் பேசியதற்காக மட்டும் என்றால் தவறு. செய்திகள் இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் விவாதம் நகரவே மாட்டேன் என்கிறது.

முதலில் யார் நடவடிக்கை எடுத்தார்கள் என்று பாருங்கள். தொழில் செய்யும் உரிமத்தைக் கொடுப்பதும் பறிப்பதும் அந்தந்த மாநில மருத்துவ வாரியம். சிறப்பு மருத்துவச் சான்றிதழை ரத்து செய்வது தனியார் அமைப்பு. அது போனாலும் உரிமம் இருக்கும். 2021 ஜூலையில், தவறான தகவல் பரப்பினால் உரிமம் போகலாம் என்று எச்சரித்தது மாநில வாரியங்களின் கூட்டமைப்பு. அதற்கு யாருடைய உரிமத்தையும் தொடும் அதிகாரம் கிடையாது.

அடுத்தது குற்றச்சாட்டு. மெய்ன் மாநிலத்தில் 2022 ஜனவரியில் ஒரு மருத்துவரின் உரிமம் இடைநிறுத்தப்பட்டபோது, கருத்துக்காகத் தண்டிக்கிறார்கள் என்று பெரிய சர்ச்சை எழுந்தது. விசாரணை தொடங்கியதோ அக்டோபரில். அதற்குச் சற்று முன் தவறான தகவல் தொடர்பான குற்றச்சாட்டுகளை வாரியமே விலக்கிக்கொண்டது. நோயாளிகளின் பதிவேடுகள், மருந்து எழுதிய விதம், சிலர் கோவிட்டுக்குக் கொடுத்த ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் என்ற மலேரியா மருந்தை வாங்குவதற்காக நோயாளிக்கு லைம் நோய் (உண்ணி கடித்து வரும் தொற்று) என்று மருந்தாளுநரிடம் சொன்னது ஆகியவை மிஞ்சின. கடைசியாகச் சொன்னதை எந்தக் காலத்திலும் எந்த வாரியமும் விசாரிக்கும். அதற்குப் பெருந்தொற்று வேண்டியதில்லை. ஆனால் கருத்தையும் சேர்த்து இழுத்ததால், வலுவான குற்றச்சாட்டுகூட அரசியல் பழிவாங்கல் போலத் தெரிந்தது. வாரியங்கள் தாங்களே தேடிக்கொண்ட கெடுதல் இது.

கலிஃபோர்னியாவின் ஏபி 2098 சட்டத்தைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். 2022 செப்டம்பரில் ஆளுநர் கையெழுத்திட்டார். சமூக ஊடகப் பேச்சை அடக்கும் சட்டம் என்றே பலர் நினைத்தார்கள். உண்மையில் அது தன் பராமரிப்பில் உள்ள நோயாளிக்கு மருத்துவர் கொடுக்கும் சிகிச்சையையும் ஆலோசனையையும் மட்டுமே தொட்டது. அப்படியிருந்தும் அது நிற்கவில்லை. 'சமகால அறிவியல் ஒருமித்த கருத்துக்கு' முரணானது தவறான தகவல் என்று வரையறுத்திருந்தார்கள். அந்த ஒருமித்த கருத்தை யார், எந்தத் தேதியில், எதை வைத்து முடிவுசெய்வது? 2023 ஜனவரியில் ஒரு கூட்டாட்சி நீதிபதி, இந்த வரையறை தெளிவற்றது என்று இடைக்காலத் தடை விதித்தார். அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் அதே மாநிலத்தின் இன்னொரு கூட்டாட்சி நீதிபதி தடை தர மறுத்திருந்தார். கடைசியில் சட்டமன்றமே அதை ரத்து செய்தது. 2024 ஜனவரி 1 முதல் அது இல்லை.

தெளிவற்றது என்ற அந்தக் கவலை வெறும் சட்ட நுணுக்கமல்ல. ஹைட்ராக்ஸிகுளோரோகுயினைக் கோவிட்டுக்குத் தர அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அவசரகால அனுமதி கொடுத்தது 2020 மார்ச் 28. திரும்பப் பெற்றது ஜூன் 15. இடையில் 79 நாள். அதே மார்ச் 28 அன்று, இந்தத் தொற்று காற்றில் பரவாது என்று உலக சுகாதார நிறுவனம் அடித்துச் சொன்னது. அந்த நிலைப்பாட்டை அது பின்னர் மாற்றிக்கொண்டது. அன்று மறுத்துப் பேசிய மருத்துவரைத் தண்டித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

இதனால் என்ன வேண்டுமானாலும் எழுதிக் கொடுக்கலாம் என்று ஆகிவிடாது. சிலர் கோவிட்டுக்கு எழுதிக் கொடுத்த ஐவர்மெக்டின் என்ற குடற்புழு மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அனுமதிக்கப்பட்ட நோய்க்கு வெளியே ஒரு மருந்தை எழுதுவது அமெரிக்காவில் சட்டவிரோதமல்ல. வாரியம் கேட்க வேண்டியது வேறு: நோயாளியைப் பரிசோதித்தாரா? உடன் சாப்பிடும் மருந்துகளைப் பார்த்தாரா? பலனுக்கு ஆதாரம் எவ்வளவு என்று சொல்லிச் சம்மதம் பெற்றாரா? அதைப் பதிவேட்டில் எழுதினாரா? ஆக்சிஜன் அளவு குறைந்தபோது மருத்துவமனைக்கு அனுப்பினாரா? பார்க்காத நோயாளிக்குத் தடுப்பூசி விலக்குச் சான்றிதழ் விற்றவர் இதில் முதல் கேள்வியிலேயே மாட்டிக்கொள்வார். அவருடைய கருத்து என்னவென்று ஆராயத் தேவையே இல்லை.

இடைக்கால உத்தரவு விஷயத்தில் எனக்குக் கோபமே உண்டு. பொதுமக்களுக்கு உடனடி ஆபத்து என்றால் விசாரணைக்கு முன்பே உரிமத்தை நிறுத்த முடியும். போதையில் அறுவை சிகிச்சை செய்பவருக்கு அது அவசியம். ஒரு காணொளிக்காக அதைச் செய்தால், குற்றம் நிரூபணமாகும் முன்பே வருமானம் நின்றுபோகிறது; மாதக்கணக்கில் வழக்கு நடத்த முடியாதவர் சமரச உத்தரவில் கையெழுத்துப் போட்டுவிடுவார். பிரிட்டனிலும் இது நடந்தது. கோவிட் பற்றிச் சமூக ஊடகத்தில் எழுதக் கூடாது என்று 2021 ஆகஸ்டில் ஒரு மருத்துவருக்கு விதித்த இடைக்கால நிபந்தனையை, பேச்சுரிமைக்கான சட்டப் பரிசோதனையைத் தீர்ப்பாயம் சரியாகச் செய்யவில்லை என்று டிசம்பரில் உயர் நீதிமன்றம் தவறென்றது.

அமெரிக்க வாரிய உத்தரவுகள் பெரும்பாலும் பொது ஆவணங்கள். மாநில வாரியத்தின் தளத்தில் மருத்துவர் பெயரைப் போட்டால் கிடைக்கும். தலைப்புச் செய்தியை விட்டுவிட்டு உத்தரவைப் படியுங்கள். நோயாளி 1, நோயாளி 2 என்று பெயர் மறைத்து, யாருக்கு எந்தத் தேதியில் என்ன நடந்தது என்று எழுதியிருந்தால் அது வழக்கமான ஒழுங்கு நடவடிக்கை. ஒரு நோயாளிகூட இல்லாமல் நேர்காணல்களும் பதிவுகளும் மட்டும் அடுக்கியிருந்தால், அந்த மருத்துவர் சொன்னது முழுக்கத் தவறாக இருந்தாலும் அந்த உத்தரவை நான் எதிர்ப்பேன்.