பருத் தழும்புகள்: கேள்வி பதில்

காரைக்குடியில் தோல் மருத்துவம் பார்த்து வருகிறேன். பருத் தழும்பு பற்றிச் சுற்றுவட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். முகத்தைப் பார்க்காமல் எழுதும் பதில் என்பதால், எதையும் தொடங்கும் முன் அவரவர் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிக்கொள்ள வேண்டும்.

கேள்வி (கானாடுகாத்தான், வயது 24): எங்கள் வீட்டுச் சுண்ணாம்புச் சுவரைப் போல வழவழவென்று இருந்த முகம் இப்போது குண்டும் குழியுமாகிவிட்டது. லேசர் செய்தால் பழையபடி ஆகிவிடுமா?

முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த அந்தச் சுவரோடு ஒப்பிட்டால் எந்த முகமும் தோற்றுத்தான் போகும். லேசரைப் பற்றிப் பேசும் முன், உங்களுக்கு இருப்பது கறையா, பள்ளமா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டுக் கண்ணாடி முன் நின்று, கைப்பேசியின் டார்ச்சைக் காதுப் பக்கமாகப் பிடித்துக் கன்னத்தின் மேல் சாய்வாக அடியுங்கள். நிழல் விழும் இடம் பள்ளம். நிழலே இல்லாமல் பழுப்பாகத் தெரிவது பரு ஆறியபின் தங்கிய கறை. அது களிம்பாலும் காலத்தாலும் மங்கக்கூடியது, அதற்கு லேசர் வரை போக வேண்டியதில்லை.

பள்ளத்திலும் மூன்று வகை உண்டு. விரல்களால் தோலை இழுத்துப் பிடித்தால் ஏறக்குறைய மறைந்துவிடும் அகன்ற பள்ளம் 'ரோலிங்' வகை. அதன் அடியில் நார்கள் தோலைக் கீழே கட்டி இழுத்துக்கொண்டிருக்கும் என்பதால், மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, அந்த நார்களை ஊசிமுனையால் அறுத்துவிடும் 'சப்சிஷன்' அதற்குப் பொருந்தும். அம்மைத் தழும்பைப் போல ஓரம் செங்குத்தாக இறங்குவது 'பாக்ஸ்கார்'. இதற்குத்தான் தோலில் நுண்புள்ளிகளாகச் சூடு பாய்ச்சும் ஃப்ராக்ஷனல் லேசரும், நுண்ணூசிகளால் தோலைக் குத்தும் மைக்ரோநீட்லிங்கும் நன்றாக உதவும். ஊசியால் குத்தியதுபோல வாய் சிறுத்து, ஆழம் மிகுந்திருப்பது 'ஐஸ்பிக்'. அதன் அடிவரை லேசர் சரியாக எட்டாது; செறிவான டி.சி.ஏ. (ட்ரைக்ளோரோஅசிட்டிக்) அமிலத்தைப் பல்குச்சி முனையில் தொட்டு அந்தக் குழிக்குள் மட்டும் வைப்போம், இரண்டொரு நொடியில் அந்த இடம் வெள்ளையாக மாறும், பிறகு பொருக்குத் தட்டி உதிரும். இதைப் பல தடவை திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். பெரும்பாலான முகங்களில் மூன்று வகையும் கலந்தே இருப்பதால், ஒரே மெஷினில் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது உறுதி சொன்னால் இன்னொரு மருத்துவரிடமும் கேட்டுப் பாருங்கள். பள்ளம் ஆழம் குறையும்; சுவடே இல்லாமல் போகாது.

கேள்வி (தேவகோட்டை): மகளுக்குத் தை மாதம் கல்யாணம். இப்போது ஐப்பசி. அதற்குள் தழும்பை எடுத்துவிட முடியுமா?

முடியாது என்றே சொல்வேன். தழும்புச் சிகிச்சையை நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு ஒரு தடவையாக மூன்று நான்கு தடவை செய்ய வேண்டியிருக்கும். தோலுக்கடியில் கொலாஜன் என்னும் புரதம் புதிதாக ஊறிப் பள்ளம் மேலேறுவதற்கு அதன்பின்னும் சில மாதங்கள் பிடிக்கும். அதைவிட முக்கியமான காரணம், நம்மைப் போன்ற மாநிறத் தோலில் லேசரின் சூடு சில சமயம் கரும்படலத்தை உண்டாக்கிவிடும், அது மாதக்கணக்கில் நிற்கும். பள்ளத்தோடு மணவறையில் உட்காரலாம். புதிதாக வந்த கருமையோடு உட்கார எந்தப் பெண்ணுக்கும் மனம் வராது. இந்த மூன்று மாதத்தில் புதுப் பரு வராமல் பார்த்துக்கொள்வதும், காலையில் சன்ஸ்கிரீன், இரவில் மருத்துவர் எழுதித்தரும் அடாபலின் அல்லது அசலாயிக் அமிலக் களிம்பு பூசுவதும் போதும். கடைசி ஒரு மாதத்தில் புதிதாக எதையும் தொடங்க வேண்டாம்.

கல்யாணம் நெருங்கும் பெண் என்பதால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை சாப்பிடுகிறாள் என்றால், அது கருவிலுள்ள குழந்தைக்குக் கடுமையான குறைகளை உண்டாக்கக்கூடியது. மாத்திரையை நிறுத்திக் குறைந்தது ஒரு மாதம் கழியும்வரை கருத்தரிக்கக் கூடாது. இதைச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு விட்டுவிடாதீர்கள்.

கேள்வி (புதுவயல்): மெடிக்கலில் கேட்டு வாங்கிய கிரீமில் முதல் வாரமே முகம் பளிச்சென்று ஆனது. இப்போது நிறுத்தினால் சிவந்து எரிகிறது. ஏன்?

பெட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்ற பெயர்களில் ஏதாவது ட்யூபில் இருக்கிறதா என்று பாருங்கள். இவை ஸ்டீராய்டுகள், வந்த வேகத்தில் வெளுப்பைக் காட்டிவிட்டு, தோலை மெலிய வைத்து, புதுப் பருவையும் முகத்தில் முடியையும் கொண்டுவரும். மருந்துச் சீட்டின்றி இவற்றை விற்கக் கூடாது என்பதுதான் விதி. கவுன்ட்டரில் நடப்பது வேறு. நீங்களாகத் திரும்பப் பூசிக்கொள்ளாமல் உடனே மருத்துவரைப் பாருங்கள். இந்த எரிச்சல் அடங்கும்வரை தழும்புச் சிகிச்சை எதையும் தொட முடியாது.

கேள்வி (பள்ளத்தூர், கல்லூரி மாணவி): டெர்மாரோலர் (நுண்ணூசிகள் பதித்த உருளை) வாங்கி வீட்டிலேயே உருட்டலாமா?

வேண்டாம். தழும்புக்கு நாங்கள் பயன்படுத்தும் ஊசி 1.5 மி.மீ. அளவுக்கு ஆழம் போகும், இரத்தம் துளிர்க்கும். வீட்டு ரோலரின் சிறிய ஊசி அந்த ஆழத்தைத் தொடாது. பருவின் மேல் உருட்டினாலோ கிருமியை முகம் முழுக்கப் பரப்பும்.

கேள்வி (கோட்டையூர்): தாடையில் தழும்பு பள்ளமாக இல்லாமல் தடித்து மேலெழும்பி நிற்கிறது. தம்பிக்கு மார்பிலும் இப்படி இருக்கிறது.

இது வேறு கணக்கு. தழும்பு தன் எல்லையைத் தாண்டி வளர்ந்தால் அது கீலாய்டு. குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கும் வரக்கூடும். குத்தியும் சுட்டும் செய்யும் சிகிச்சைகள் இதை இன்னும் கிளப்பிவிடலாம். தடிப்புக்குள்ளேயே ட்ரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசியைச் சில வார இடைவெளியில் போட்டு அமுக்குவதே வழக்கம்.

கேள்வி (ஆத்தங்குடி): பேரனுக்கு முகமெல்லாம் பரு. ஜாதிக்காயை உரைத்துப் பூசுகிறேன், எலுமிச்சைச் சாறும் தேய்க்கிறேன். தழும்பு விழாமல் இருக்குமா?

எலுமிச்சையை இன்றோடு நிறுத்திவிடுங்கள், ஆச்சி. அந்தச் சாறு பட்ட தோலில் நம் ஊர் வெயில் விழுந்தால் புண்ணாகிக் கறுத்துவிடும். ஜாதிக்காய் பள்ளத்தை நிரப்பாது, சில தோல்களில் எரிச்சலும் தரும். தழும்பு விழாமல் தடுக்க ஒரே வழி, பருவை இப்போதே மருந்தால் அடக்குவதும் அவன் அதைக் கிள்ளாமல் இருப்பதும்தான். மருத்துவரிடம் அழைத்துப் போகும்போது, அவன் இதுவரை பூசிய ட்யூப்களைத் தூக்கி எறியாமல் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.