தொண்டைத் தரையில் ஒரு பள்ளம்

கேள்வி: ஆம்பியாக்ஸஸ் என்ற மீன் போன்ற சிறு கடல் உயிரியின் தொண்டைக் குறுக்குவெட்டு ஸ்லைடில் எண்டோஸ்டைலை மாற்றி மாற்றிக் காட்டிவிடுகிறேன். இரை பிடிக்கும் இந்தப் பள்ளம் தைராய்டுக்கு எப்படி மூதாதை ஆகும்?
– விலங்கியல் மாணவி, கடலூர் முதுநகர்

பதில்: தொண்டையில் பள்ளங்கள் இரண்டு இருப்பதால் வரும் குழப்பம் இது. முதலில் முதுகுப் பக்கம் உடலைத் தாங்கி நீளும் தண்டான முதுகுநாணைப் பிடியுங்கள். நுண்ணோக்கியில் பிம்பம் தலைகீழாகத் தெரிந்தாலும் அது ஏமாற்றாது. முதுகுநாணை ஒட்டியிருப்பது மேல்தொண்டைப் பள்ளம். அதற்கு நேர் எதிரே, தொண்டையின் தரையில் கிடப்பதுதான் எண்டோஸ்டைல். அதிக உருப்பெருக்கத்தில் நான்கு சுரப்பிப் பட்டைகளும் அவற்றுக்கு இடையே நுண்மயிர் போன்ற குறுயிழைகள் கொண்ட செல்களும் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

எண்டோஸ்டைல் சுரக்கும் கோழையைக் குறுயிழைகள் இரு பக்கச் செவுள் தண்டுகளின் மேல் வலைபோல ஏற்றுகின்றன. நீரோடு வரும் நுண்ணுயிர்கள் அதில் ஒட்டிக்கொள்ளும். மேல்பள்ளத்தில் வலை கயிறாகத் திரண்டு குடலுக்குப் போகும். துறைமுகத் தூண்களில் ஒட்டி வளர்ந்து, தொட்டால் நீர் பீச்சும் அசிடியன்களிலும் இதே ஏற்பாடுதான். அசிடியனைத் திறக்கும்போது எண்டோஸ்டைல் கோட்டின் மேலேயே கத்தரி வைத்தால் உறுப்பு இரண்டாகிவிடும். சற்றுத் தள்ளி வெட்டுங்கள்.

தைராய்டு உறவை 1873-இல் வில்ஹெல்ம் முல்லர் சொன்னார். அழகான சாட்சி, தாடையில்லா மீனான லாம்ப்ரே. குளிர்நாட்டு ஆறுகளின் சேற்றில் பல ஆண்டுகள் புதைந்து வாழும் அதன் அம்மோசீட் இளவுயிரிக்கு எண்டோஸ்டைல் உண்டு. உருமாற்றத்தின்போது அதிலிருந்தே தைராய்டு நுண்பைகள் உருவாகின்றன. தைராய்டு அயோடினைப் பிடித்துச் சேர்க்கும் சுரப்பி. கதிரியக்க அயோடின் கொடுத்துப் பார்த்தபோது ஆம்பியாக்ஸஸிலும் அசிடியனிலும் எண்டோஸ்டைலின் சில பட்டைகள் மட்டுமே அதைப் பிடித்துக்கொண்டன. தைராய்டு ஹார்மோன் உருவாக உதவும் நொதியான தைராய்டு பெராக்சிடேஸின் மரபணு இயங்குவதும் அப்படிப்பட்ட பட்டைகளில்தான். ஆகவே ‘எண்டோஸ்டைல் முழுவதும் தைராய்டாக மாறியது’ என்று தேர்வில் எழுதாதீர்கள். ஆம்பியாக்ஸஸ் நம் மூதாதை என்பதும் தவறு. அது நம் தூரத்துப் பங்காளி.

கேள்வி: என் மகனுக்குக் கழுத்தின் நடுவில் ஒரு கட்டி, நாக்கை நீட்டினால் மேலேறுகிறது. தைராய்டா?
– வாசகி, புதுச்சேரி

பதில்: தைராய்டு வந்த வழியில் எஞ்சிய நீர்க்கட்டியாக இருக்கலாம். கருவின் 4-ஆவது வாரத்தில் நாக்கின் அடியில், அதே தொண்டைத் தரையில் தோன்றும் தைராய்டு, 7-ஆவது வாரத்துக்குள் கழுத்துக்கு இறங்குகிறது. அந்தப் பாதை மூடாமல் நின்றால் இப்படிக் கட்டி வரும். அறுவைக்கு முன் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் தைராய்டு உரிய இடத்தில் இருக்கிறதா என்று கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். சிலருக்கு அந்தக் கட்டியே உடம்பில் உள்ள ஒரே தைராய்டு. கட்டியை மட்டும் எடுத்தால் மீண்டும் வரும். அதனால்தான் 1920-இல் அறுவை மருத்துவர் சிஸ்ட்ரங்க் காட்டிய முறைப்படி, நாக்கடி எலும்பின் நடுத்துண்டையும் பாதையையும் சேர்த்து எடுக்கிறார்கள்.